21.2-இலிருந்து 14.7-க்கு

அப்ரூவலுக்குத் தயாராக இருந்த ஒரு நாலு மாடிக் குடியிருப்பின் வரைபடத்தோடுதான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். வேளச்சேரிப் பக்கம், மேற்குப் பார்த்த மனை. கட்டடங்களின் எரிசக்திச் செலவைக் குறைக்க நம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகமும் சுவிஸ் அரசும் 2011-இல் தொடங்கிய கூட்டுத் திட்டத்தின் பயிற்சி அது. வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, ஈகோ நிவாஸ் சம்ஹிதா, 2018 டிசம்பரில் வந்ததே, அதற்குத் தொழில்நுட்ப உதவி செய்ததும் இந்தத் திட்டம்தான்.

கட்டடக்கலைக் கல்லூரியில் காலநிலை ஒரு தாளாகத்தான் இருந்தது. சூரியப் பாதை வரைந்து மதிப்பெண் வாங்கினோம். அதை வைத்து ஒரு ஜன்னலைக்கூடத் தீர்மானித்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

முதல் நாள் மாலை நாலு மணி. பயிற்சி அறையின் மேற்கு ஜன்னலில் திரை போட்டிருந்தது. சுவிஸ் நிபுணர் வெப்பமானியைத் திரையை நோக்கிப் பிடித்தார்: 43 டிகிரி. "இந்த வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. எங்கள் ஊரில் மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்கும்" என்றார். எனக்கு உடனே எங்கள் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்து மூங்கில் தட்டிதான் நினைவுக்கு வந்தது. அதுவும் வெளியேதான் தொங்கும்.

பிறகு அந்த விதித்தொகுப்பின் கணக்கு. கூரை நீங்கலாக, சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக்கூடாது. இதை ஆர்இடிவி என்கிறார்கள். என் கட்டடம் 21.2 காட்டியது. செங்கல்லை எடுத்துவிட்டு, வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் ஏஏசி பிளாக் (காற்றுத் துளைகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) போட்டுப் பார்த்தேன்: 16.4. அப்போதும் தேறவில்லை. ராத்திரி பதினொரு மணிவரை சுவரையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் உடன் பயின்ற ஏசி இன்ஜினியர் ஒருவர் சூத்திரத்தைச் சுட்டிக்காட்டினார். சென்னை போன்ற வெப்ப ஈரப் பகுதிக்குச் சுவரின் பெருக்கெண் 5.15, கண்ணாடி வழி வரும் வெயிலுக்கு 65.21. "மேடம், உங்க பிரச்சினை சுவர்ல இல்ல, ஜன்னல்ல." சுவரைப் பழையபடி செங்கல்லுக்கே கொண்டுவந்தேன். வெயிலைக் குறைவாக விடும் கண்ணாடி போட்டு, சன்ஷேடை ஆழமாக்கி, பக்கவாட்டிலும் தடுப்பு வைத்தேன். 14.7! வழக்கமாக ஏசிக்காரர்கள் எங்களிடம் வருவது சுவர் எழும்பிய பிறகுதான். முதல் ஸ்கெட்ச் போடும்போதே எல்லோரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் அவ்வளவு வற்புறுத்தியதன் காரணம் எனக்கு அங்கேதான் உறைத்தது.

உரிமையாளர் செலவுக்குத் தயங்கினார். ஒவ்வொரு திசைச் சுவருக்கும் வெயிலுக்கு ஏற்பச் சூத்திரத்தில் பெருக்கும் எண்களைக் காட்டினேன்: வடக்கு 0.659, மேற்கு 1.156. வடக்கில் சன்ஷேடை மழைக்கு வேண்டிய அளவுக்குச் சுருக்கி, மிச்சத்தை மேற்கில் போட்டோம்.

சென்ட்ரிங் அடிக்கும்போது மேஸ்திரி கேட்டார், "நாலு பக்கமும் ஒரே அளவுதானே மேடம் போடுவோம்?" சாயங்காலம் வரை நிற்கச் சொன்னேன். நாலரை மணிக்கு மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். அப்புறம் வடக்குச் சுவருக்குப் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தார்.