கடைசியில் நாய் வந்துவிட்டது: ஸ்பானிஷ், ஏழாம் மாதம்

நேற்று இரவு பதினொன்றே காலுக்கு என் வாயில் நாய் வந்துவிட்டது. ஏழு மாதமாக அந்த இடத்தில் "ஆனால்" தான் வந்துகொண்டிருந்தது.

ஸ்பானிஷில் இறங்கியவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பெரோ என்றால் ஆனால். பெறோ என்றால் நாய். முதலாவதில் நாக்கு நுனி மேலே ஒரே ஒரு தட்டு. இரண்டாவதில் அது படபடவென்று அதிர வேண்டும். என் நாக்கோ ஒரு தட்டோடு வேலை முடிந்தது என்று படுத்துக்கொள்ளும். "எங்கள் வீட்டில் ஒரு ஆனால் இருக்கிறது, அதன் பெயர் மணி" என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேனோ. "இந்தக் கார் விலை அதிகம்" என்பது இன்னும் மோசம். காறோ என்றால் கார், காரோ என்றால் விலை கூடியது. நான் சொன்னால் இரண்டும் ஒன்றுதான்.

(என் நோட்டில் உருளும் ஒலிக்கு ற, மற்றதற்கு ர என்று எழுதிக்கொள்கிறேன். இங்கேயும் அப்படியே.)

புலம்புவதற்கு முன்னால் ஓசியில் கிடைத்ததைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். "மே குஸ்தா" பாடம் வந்த அன்று, வகுப்பே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. "நான் விரும்புகிறேன்" என்று சொல்லக் கூடாதாம், பிடிக்கிற பொருள்தான் எழுவாயாம், ஆள் ஓரமாக நிற்பானாம். ஆங்கிலம் வழியாக அரை மணி நேரம் விளக்கினார்கள். எனக்கு மாம்பழம் பிடிக்கும். அவ்வளவுதானே! "மே துவேலே லா கபேசா", எனக்குத் தலை வலிக்கிறது. இதுவும் அப்படியே நம் அச்சு. வினையின் வாலிலேயே யார் என்று தெரிந்துவிடுவதால் நான், நீ என்று சொல்லாமலே பேசலாம். ஆப்லோ, பேசுகிறேன். ஆப்லாஸ், பேசுகிறாய்.

ஒலியிலும் ஒரு லாபம். உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும்போது அவர்கள் த, க, ப (ஆங்கில எழுத்தில் d, g, b) எல்லாவற்றையும் மெலிதாக்குகிறார்கள். "நாதா" என்பதில் வரும் த, நாம் "அது" என்னும்போது வருகிற அதே த. "அமீகோ"வின் க, "அகம்" என்பதில் உள்ள க மாதிரி. மற்ற மொழிக்காரர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தைரியத்தில் எல்லாவற்றையும் தமிழிலிருந்து இறக்கினால் அடி விழும். "எனக்குப் பசிக்கிறது" என்பதை அப்படியே போட்டேன். அங்கே பசி "வைத்திருக்க" வேண்டுமாம். இன்னொரு நாள் "எனக்குப் போரடிக்கிறது" என்று சொல்லப்போய், சேர், எஸ்தார் என்று "இரு"வுக்கு இரண்டு வினை இருக்கும் குழப்பத்தில் "சோய் அபுறீதா" என்றுவிட்டேன். நான் ஒரு அறுவை என்று அர்த்தம். யாரும் மறுக்கவில்லை. மேசைக்கும் நாற்காலிக்கும் பெண்பால் கொடுத்ததைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. அஃறிணை என்று ஒன்றைக் கண்டுபிடித்த நம் ஆட்கள் வாழ்க.

சரி, நாய்க்கு வருகிறேன்.

பணம் கட்டிச் சேர்ந்த இணைய வகுப்பில் இதற்குக் கிடைத்த ஒரே பதில் "பழகப் பழக வரும்". எதைப் பழக? அதைக் கேட்டால் அடுத்த பாடம். ஒரு காணொளியில் தண்ணீரை வைத்துக் கொப்பளிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் விடுதிக் குளியலறையில் கொப்பளித்தேன். வந்தது, தொண்டையிலிருந்து. அது பிரெஞ்சுக்காரர்களின் ர. பியூர்ட்டோ ரிக்கோவில் பலர் தொண்டைப் பக்கத்திலிருந்துதான் இதைச் சொல்வார்கள் என்று பிறகு தெரிந்தது. பேசாமல் அந்த ஊர் ஸ்பானிஷே போதும் என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன்.

திருப்பம் கொடுத்தது பிராட் என்னும் மென்பொருள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து ஆட்கள் எழுதியது, காசு கிடையாது. குரலைப் பதிந்து கொடுத்தால் அலையாகவும் அலைமாலையாகவும் வரைந்து காட்டும். மொழி படிப்பவர்கள் ஏன் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று எனக்கு ஆதங்கம். காது ஏமாற்றும், படம் ஏமாற்றாது. "பெரோ"வைப் பெரிதாக்கிப் பார்த்தால் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கீறல். நாக்கு மேலே ஒட்டிக் காற்றை நிறுத்திய கணம் அது. ஒரு ஸ்பெயின் வானொலிக்காரரின் "பெறோ"வைப் போட்டேன். சீப்புப் பல் போல மூன்று கீறல், சம இடைவெளியில். என்னுடையதைப் போட்டேன். சாம்பல் பூசிய மாதிரி ஒரே தீற்றல், கீறலே இல்லை. அதாவது, நாக்கை இறுக்கி வைத்துக்கொண்டு மூச்சை மட்டும் இரைத்திருக்கிறேன். ஏழு மாதத்தில் என்ன தப்பு என்று எனக்கு முதலில் சொன்னது ஒரு கணினி.

அந்த அதிர்வு நொடிக்கு 25, 30 தடவை நடக்கிறது. நாமாக நாக்கை அந்த வேகத்துக்கு ஆட்ட முடியாது. நாக்கின் இரு ஓரத்தையும் மேல் கடைவாய்ப் பற்களில் அண்டக் கொடுத்து, நுனியை மட்டும் தளர்த்தி விட்டால், காற்றே அதை ஆட்டும், கொடியில் காயும் துணி போல. இதை ஓர் ஆராய்ச்சிப் பக்கத்தில் படித்துவிட்டேன். செய்ய வரவில்லை.

அறைத்தோழிக்கு ஊர் மார்த்தாண்டம். ஒரு நாள் நான் "கரி" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்ப்பதைக் கேட்டுவிட்டு, "என்னட்டி, கரியா கறியா? ரெண்டுக்கும் ஒரே சத்தம் போடுதே?" என்றாள். அவள் சொன்னபோது இரண்டும் வேறு வேறு. பதிந்து பிராட்டில் போட்டேன். அவளுடைய கறியில் இரண்டு கீறல்! எங்கள் பக்கம் எழுத்துத் தேர்வில் மட்டும் உயிரோடிருக்கும் ற, குமரி மாவட்டத்தில் இன்னும் வாயில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் "வல்லின ற" என்று சொல்லிக்கொடுத்தது ஏதோ எழுத்தின் உருவத்தைப் பற்றி என்றே நினைத்திருந்தேன்.

பொங்கல் விடுமுறைக்குச் சிவகங்கைப் பக்கம் ஊருக்குப் போனேன். சாயங்காலம் ஐயா ஆடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார். "ட்ர்ர்ர்ர்ரா... ட்ர்ர்ர்ர்ரா..." பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஓடிப்போய்ப் போனில் பதிந்தேன்.

"ஏத்தா, ஆட்டைக் கூப்பிடுறத எதுக்குப் பிடிக்கிற?"

விஷயத்தைச் சொன்னேன். என்னைச் செய்யச் சொல்லிக் கேட்டார். செய்தேன். ஒரு ஆடு திரும்பிப் பார்த்தது, வேறு எதுவும் நடக்கவில்லை.

"நாக்க விட்ரு ஆத்தா. நீயா ஆட்டாத. காத்து ஆட்டும்."

அந்த ஆராய்ச்சிப் பக்கத்தில் இரண்டு பத்தி எழுதியிருந்ததும் இதுதான். அவருடைய பதிவில் எண்ணிப் பார்த்தேன், பதினொரு கீறல். மாட்ரிட் வானொலியில் சேர்த்துவிடலாம்.

அதன் பிறகு "ட்ர" வைத்துத்தான் பிடித்தேன். "ட்" நாக்கைச் சரியான இடத்துக்கு அருகே கொண்டுபோய் வைக்கிறது, வெடிக்கும்போது காற்றும் கிடைக்கிறது. ட்ரா, ட்ரா, பிறகு ட் இல்லாமல் அறா, பிறகு பெறோ. பத்து நாளில், நேற்று இரவு, மூன்று கீறல். தோழியை எழுப்பிக் காட்டினேன். அவள் சொன்னதை எழுத முடியாது.

இப்போது அடுத்த மலை. ஸ்பானிஷில் சொல்லின் முதலில் வரும் ர எப்போதும் உருள வேண்டும். றோஹோ, சிவப்பு. றாப்பிதோ, வேகம். நடுவில் வரும் நாய் முதலில் வர மாட்டேன் என்கிறது. யோசித்தால் நியாயம்தான். தமிழில் ற சொல்லுக்கு முதலில் வரவே வராது. ர-வும் அப்படித்தான். அதனால்தான் வடசொல்லை எடுக்கும்போது முன்னால் அ, இ, உ ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறது நன்னூல். அரங்கன், இராமன், உரோமம். அதையே செய்து பார்த்தேன். "இறோஹோ" என்று ஆரம்பித்து, இ-யை மெல்ல மெல்லத் தேய்த்தேன். ஐந்துக்கு மூன்று வருகிறது!

இதைத் தோண்டப்போய் ஒன்று கிடைத்தது, அதற்காகவே இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன் என்றும் சொல்லலாம். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் மக்களின் மொழிக்கு ஸ்பானிஷோடு உறவே கிடையாது. அவர்களுக்கும் பழைய சொற்களில் ர முதலில் வராது. லத்தீனிலிருந்து வாங்கும்போது முன்னால் ஒரு உயிரைப் போட்டுக்கொண்டார்கள். ரோசா அங்கே "அறோசா". ரோமாபுரி "எறோமா". நம் உரோமைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அரசனுக்கு "எறெகே". லத்தீனிலிருந்து அவர்கள் எறெகே ஆக்கிய சொல்லும், சமஸ்கிருதத்திலிருந்து நாம் அரசன் ஆக்கியதாகச் சொல்லப்படும் சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளை. இந்தக் கோடியும் அந்தக் கோடியும் பேசிவைத்துக்கொள்ளாமல் ஒரே வைத்தியம் செய்திருக்கின்றன. இதை யாரிடம் சொன்னாலும் "தேர்வுக்கு வருமா?" என்கிறார்கள்.

வராது. தேலே என்னும் ஸ்பானிஷ் தகுதித் தேர்வின் முதல் நிலைக்குத்தான் படிக்கிறேன். வாசிப்பும் எழுத்தும் ஒரு தொகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொன்று, ஒவ்வொன்றிலும் 50க்கு 30 வேண்டும். நாக்கு உருளவில்லை என்பதற்காக அந்த நிலையில் யாரும் தோற்கடிக்க மாட்டார்கள். எழுத்துப் பகுதியில் இன்னும் பாதி மாதிரித் தாளைத் தொடவே இல்லை. அதற்குள் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலைப் பழைய புத்தகக் கடையில் அடுத்த நிலைப் பாடப் புத்தகம் ஒன்றை எண்பது ரூபாய்க்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஓரத்தில் யாரோ தமிழில் பென்சில் குறிப்பு எழுதியிருக்கிறார்கள், பதினான்காம் பக்கம் வரை. அவருக்கு என்ன ஆயிற்றோ.

இன்னொரு திட்டம், மெக்சிக்கோ தொர்தீயா. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவிட்டு, தோலை உரசி எடுத்து அரைக்க வேண்டும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அதே சரக்குத்தான். கிரைண்டர் இருக்கும் வீடு ஒன்று கிடைத்தால் போதும், விடுதியில் கெட்டிலைக்கூடப் பிடுங்கிவிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சிக்குக் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்து மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு என் த பிடிக்கும், எனக்கு அவள் ஊரில் அம்மா பிள்ளையையே "உஸ்தெத்" என்று மரியாதையாகக் கூப்பிடுவது பிடிக்கும். கோயம்புத்தூரில் "சாப்பிடுங்க கண்ணு" என்பார்களே, அது மாதிரி. அவள் எனக்கு ற, நான் அவளுக்கு ழ என்று ஒப்பந்தம். எங்கள் ஊரிலேயே பாதிப் பேர் "தமிள்"தான் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலை அவளுக்கு "அல்றெதெதோர்" என்று பதிந்து அனுப்பினேன். சுற்றிலும் என்று பொருள். ல்-க்கு அடுத்து வருவதும் உருள வேண்டும், அங்கே இ-யைச் செருகவும் இடமில்லை. செருகிவிட்டேன், "அலிறெதெதோர்". சிரிப்பு முகம் ஏழு வந்தது. கூடவே ஒரு குரல் செய்தி, அவளுடைய வாழைப்பழம். "வாரைப்பரம்". மூன்று தடவை கேட்டேன். மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது.