அதே சட்டை, வேறு நாள்

ரியாலிட்டி சமையல் போட்டியில் ஒருவர் வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பார். சட்டென்று காட்சி மாறி, தனியாக உட்கார்ந்து, "இப்ப எனக்குக் கை நடுங்குது" என்பார். அந்தத் தனிப் பேட்டி எடுக்கப்படுவது போட்டி முடிந்து சில மணி நேரம் கழித்து; சில சமயம் பல நாள் கழித்து. நடப்பது போலவே பேசச் சொல்லிவிடுவார்கள். சட்டை மாறியிருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். காட்சிக்குக் காட்சி உடை மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் உடைக் கன்டினியூட்டி. காட்சிகளை ஒட்டுவது எடிட்டர் என்பதால், அதைப் பார்ப்பவரின் உண்மையான முதலாளி அவர்தான்.

இதில் இரண்டு வழி உண்டு. அந்தந்த எபிசோடில் போட்ட உடையிலேயே பேட்டி எடுப்பது ஒன்று. சீசன் முழுக்கப் பேட்டிக்கு ஒரே உடை என்று முடிவு செய்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் எடிட்டருக்குச் சொர்க்கம்: என்றோ பேசியதை இன்றைய பேச்சோடு ஒட்டினாலும் தையல் தெரியாது. ஆனால் ஒரே சட்டை வாரக்கணக்கில் தாங்க வேண்டும். ஒரே ரகத்தில் இரண்டு மூன்று வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்தே துவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் துவைத்துக்கொண்டிருந்தால் அது வெளுத்து, மாற்றுச் சட்டை வேறு நிறமாக நிற்கும்.

வேலையின் உயிர் போட்டோவில் இருக்கிறது. முன், பின், இரு பக்கம் என நான்கு முழு உருவப் படங்கள். பிறகு காலர், பொத்தான், கை, இடுப்பு, மணிக்கட்டு, காலணி எல்லாம் நெருக்கத்தில். பெயர், எபிசோட், நாள் எழுதிய சீட்டும் படத்துக்குள் இருக்க வேண்டும். காலையில் எடுத்தால் மட்டும் போதாது, கேமரா நின்றதும் மறுபடி எடுக்க வேண்டும். அடுப்புச் சூட்டில் எல்லோரும் கையைச் சுருட்டிவிடுவார்கள். குறிப்பு இப்படி இருக்கும்: "இடது கை மூன்று மடிப்பு, வலது கை இரண்டு, மேலிருந்து இரண்டாவது பொத்தான் திறப்பு, சங்கிலி சட்டைக்குள்." 'கை சுருட்டியிருந்தது' என்று மட்டும் எழுதினால் அது குறிப்பே இல்லை.

பெரும்பாலும் போட்டியாளர்கள் போடுவது சொந்த உடை. அறைக்கு எடுத்துப் போனால் துவைப்பார்கள், போட்டுக்கொண்டு தூங்குவார்கள், தொலைப்பார்கள். மைக் கழற்றிய கையோடு வாங்கிவிடுவதே நல்லது. ஒரு உடைக்கு ஒரு துணிப்பை. தோடு, மோதிரம், ஹேர் கிளிப் எல்லாம் ஜிப் பையில் போட்டு அந்த ஹேங்கரிலேயே கட்ட வேண்டும். சட்டை தொலைவது அபூர்வம், தொலைவது எப்போதும் ஒற்றைத் தோடுதான்.

ஏப்ரன் கறை தனித் தலைவலி. சமைத்து முடித்து நடுவர் முன் நிற்கும் காட்சிக்கு நேரம் ஆகலாம். அதுவரை துவைக்கக் கூடாது. மாற்று ஏப்ரன் தேவைப்பட்டால் அதே இடத்தில் அதே அளவில் கறையை வரைய வேண்டும். குழம்பையே தடவினால் காயக் காய நிறம் மாறும். துணிக்கான பெயின்ட் மாறாது. துவைக்க முடியாத உடையில் வியர்வை நாற்றம் வந்தால், மலிவான வோட்காவை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி அக்குள் பக்கம் உள்புறமாக அடித்துக் காயவிடுவார்கள். முதலில் தையலோரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும், சாயம் போகிற துணியும் உண்டு.

சில உடைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். நெருக்கமான மெல்லிய கோடுகள் திரையில் நெளியும். பிராண்ட் எழுத்தை டேப் ஒட்டி மறைக்க வேண்டியிருக்கும். வளையலும் சரசரக்கும் துணியும் மைக்கில் விழும்.

உடையை எவ்வளவு காத்தாலும் முடியும் தாடியும் காட்டிக்கொடுக்கும். வெளியேறியவரை மூன்று வாரம் கழித்து அழைத்தால் முடி வெட்டிக்கொண்டு வந்து நிற்பார். அதனால்தான் வெளியேறிய அன்றிரவே, அதே உடையில், விரிவான பேட்டி எடுத்துவிடுகிறார்கள். அப்படியும் ஒரு வாக்கியம் குறைகிறது என்று எடிட்டர் கேட்கக்கூடும். எடிட் முழுதாக முடியும்வரை அந்தத் துணிப்பையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.