குரங்கின் காதை அளப்பது

மார்ச் 4

செவித்திறன் சோதனைக்கு வருபவரிடம் "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். குரங்குக்குப் படிப்படியாகப் பழக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்டெபின்ஸ் குழுவினர் செய்ததைப் படிக்கிறேன். குரங்கு ஒரு கீயை அழுத்திப் பிடித்திருக்கும். ஒலி கேட்டதும் கையை எடுத்தால் தின்ன ஏதாவது கிடைக்கும். இடையிடையே ஒலியே வராத சுற்றுகளும் உண்டு. அப்போது கையை எடுத்தால் ஒன்றுமில்லை. இந்த வெற்றுச் சுற்றுகள் இல்லாவிட்டால், கேட்டு எடுத்ததா, குருட்டாம்போக்கில் எடுத்ததா என்று சொல்லவே முடியாது.

மார்ச் 6

1999இல் வெளியான ஆய்வு ஒன்று. 3 ஜப்பானியக் குரங்குகள், 7 மனிதர்கள், எல்லோருக்கும் ஒலிபெருக்கி வழியாகவே சோதனை. 60 டெசிபல் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) அளவில் குரங்குகளுக்கு 28 ஹெர்ட்ஸ் (அதிர்வெண்ணின் அலகு, எண் கூடக்கூட ஒலி கீச்சென்று ஆகும்) முதல் 37,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது. மனிதர்களுக்கு 31 முதல் 17,600 வரை. கீழ்ப்பக்கம் கிட்டத்தட்ட சமம், மேல்பக்கம் நம்மைவிட இரண்டு மடங்கு! ஆனால் 2,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் மிக மெல்லிய ஒலியைப் பிடிப்பதில் மனிதக் காதுதான் முந்துகிறது.

மார்ச் 11

இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடும் கேள்வி: கேட்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கலாம், சரி. எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை? மனிதர்களிடம் "இரண்டில் எது பெரிய சத்தம்" என்று கேட்டுத்தான் 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் சம உரப்புக் கோடுகளை, அதாவது வெவ்வேறு அதிர்வெண்களில் ஒரே அளவு சத்தமாகக் கேட்கும் ஒலிகளை இணைக்கும் கோடுகளை, வரைந்தார்கள். குரங்கிடம் அப்படிக் கேட்க முடியாது.

ஸ்டெபின்ஸ் பிடித்த வழி, கை எடுக்கும் வேகம். ஒலி பலமாக இருந்தால் கை சட்டென்று விலகும். மெல்லியதாக இருந்தால் தாமதமாகும். வெவ்வேறு அதிர்வெண்களில் ஒரே வேகத்தில் கையை எடுக்கவைக்கும் டெசிபல் அளவுகளைக் குறித்து இணைத்தால், அதுவே குரங்கின் சம உரப்புக் கோடு. வேகமும் உரப்பும் ஒன்றேதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் வாய் பேசாத உயிரிடமிருந்து இவ்வளவு வாங்கியதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

மார்ச் 12

காதைக் கெடுக்கக்கூடிய கானமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொடுத்த குரங்குகளைப் பற்றி. முதலில் உயர் அதிர்வெண்கள் போயின, பிறகு சேதம் கீழ்நோக்கி இறங்கியது. உயர் அதிர்வெண்களை உணரும், உட்காதின் அடிப்பகுதி மயிர்ச்செல்கள் முதலில் அழிவதே காரணம். திரும்ப முளைக்காத செல்கள் அவை. அந்த விலங்குகளை நினைத்து வருத்தமாக இருந்தது.

மார்ச் 17

இன்று சோதனைக்கு வந்த ஒரு அம்மா சொன்னார்: "மெதுவா பேசினா காதுல விழல தம்பி. கொஞ்சம் உரக்கப் பேசினா கத்துற மாதிரி இருக்கு." வீட்டில் இதை வீம்பு என்கிறார்களாம். வீம்பே இல்லை. உட்காது சேதப்பட்டால் மெல்லிய ஒலி தொலைந்துபோகும், பெரிய ஒலியின் உரப்போ பழையபடி இருக்கும். இரைச்சலால் காது பாதிக்கப்பட்ட குரங்குகளிலும் இதைக் கைவேகத்தை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். அவருடைய மகனை உள்ளே கூப்பிட்டு இதை விளக்கினேன். அப்புறம், அந்த அம்மாவின் காது கேட்கும் கருவியில் மெல்லிய ஒலிக்கு அதிகமாகவும் பெரிய ஒலிக்குக் குறைவாகவும் பெருக்கம் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.