பதிவு செய்த அன்றும் அழைப்பு வந்த அன்றும்

ரத்தப் புற்றுநோயில் இறந்த குழந்தையின் நினைவாக எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் முகாம் நடத்தும்போது கூட்டத்துக்குக் குறைவிருக்காது. மேசையில் குழந்தையின் படம், பக்கத்தில் பஞ்சுக்குச்சி உறைகள், எதிரே நீண்ட வரிசை. இந்த வேலையில் பழகியவர்கள் அந்த வரிசையைப் பார்த்துப் பூரித்துப்போக மாட்டார்கள். கலங்கிய கண்ணோடு கையெழுத்துப் போட்டவர், சில வருடம் கழித்துப் போன் வரும்போது "வீட்டுல வேண்டாங்கிறாங்க" என்று சொல்லக்கூடும். அதற்குள் மறுமுனையில் ஒரு குடும்பத்திடம் "பொருத்தம் கிடைத்திருக்கிறது" என்று சொல்லியிருப்பார்கள்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியது இது: படத்தில் இருக்கும் குழந்தைக்காக வந்திருக்கிறீர்கள், கொடுக்கப்போவது யாரென்றே தெரியாத ஒருவருக்கு. அழைப்பு அடுத்த மாதமும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம், வராமலே போகலாம்.

பொருத்தம் என்பது ரத்த வகையைப் பற்றியதல்ல. தன் செல் எது, அயல் செல் எது என்று உடல் அடையாளம் காண உதவும் எச்.எல்.ஏ. மரபணுக்கள் (ஆறாவது குரோமோசோமில் உள்ளவை) ஒத்துப்போக வேண்டும். ஆளுக்குப் பாதி அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து வருவதால், கூடப்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த 25 சதவீத வாய்ப்புதான் உண்டு. பெற்றோர் பெரும்பாலும் பாதிதான் பொருந்துவார்கள். பாதிப் பொருத்தத்திலும் இப்போது சிகிச்சை செய்கிறார்கள். ஆனாலும் முழுப் பொருத்தத்தைத் தேடுவது நிற்கவில்லை. இந்த மரபணுக்கள் வம்சாவளியோடு வருபவை. எந்த மக்கள் கூட்டத்தில் பதிந்தவர்கள் குறைவோ, அந்தக் கூட்டத்துக் குழந்தைக்குத்தான் தேடல் வெறுங்கையோடு திரும்பும்.

பதிவு எளிது: கன்னத்துச் செல்லிலிருந்து இந்த மரபணுக்களைப் பார்ப்பார்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் குச்சியை அழுத்திச் சுழற்றித் தேய்க்க வேண்டும். லேசாகத் தொட்டு எடுத்தால் எச்சில் வரும், செல் வராது. ஈரம் உலராமல் பிளாஸ்டிக்கில் மூடினால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும். பெரிய முகாம்களில் நடக்கும் மோசமான தவறு வேறு: ஒருவரின் குச்சியில் இன்னொருவரின் ஒட்டுச்சீட்டு. ஒருவர் முடித்து உறையை ஒட்டிய பிறகே அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் ஒரே மருந்து.

அழைப்பு வந்தபின் ரத்தம் எடுத்துப் பொருத்தத்தை மறுபடி உறுதி செய்வார்கள், முழு உடல் பரிசோதனை நடக்கும். எடுக்கும் வழிகள் இரண்டு. பெரும்பாலும் நாலைந்து நாள் ஊசி போட்டு, ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குள் வரவைத்து, ஒரு கையில் ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மீதியை மறு கையில் திருப்பி ஏற்றுவார்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும், போதாவிட்டால் மறுநாளும். ஊசி நாட்களில் இடுப்பெலும்பும் முதுகும் நன்றாகவே வலிக்கும். இயந்திரத்தில் இருக்கும்போது உதடும் விரல்நுனியும் மரத்துப்போனால் உடனே சொல்ல வேண்டும்: ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. "வலியே இருக்காது" என்று மேசையில் சொல்லி அனுப்பினால், முதல் ஊசியன்றே நம்பிக்கை போய்விடும்.

நோயாளி குழந்தையாக இருந்தால் பல மருத்துவர்கள் மஜ்ஜையையே கேட்பார்கள். புதிய அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் நாள்பட்டுத் தாக்கும் தொல்லை அதில் குறைவு. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் உறிஞ்சுவார்கள். முதுகுத்தண்டைத் தொடுவதே இல்லை. ஒரே இடத்தில் நிறைய உறிஞ்சினால் மஜ்ஜைக்குப் பதில் வெறும் ரத்தம்தான் வரும் என்பதால், இடம் மாற்றி மாற்றி ஐந்து மில்லிக்குள் எடுப்பார்கள். உச்சவரம்பு, கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லி. எடுத்த மஜ்ஜை நாலிலிருந்து ஆறு வாரத்தில் ஊறிவிடும். சில நாள் குனிய நிமிரத்தான் வலிக்கும்.

கொடையாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அது அவர் உரிமை. ஆனால் எல்லா நாளும் ஒரே நாளல்ல. புது அணுவை ஏற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பு, கடும் மருந்தாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் குழந்தையின் மஜ்ஜையை அழிக்கத் தொடங்குவார்கள். அதன்பின் புது அணு வராவிட்டால் குழந்தை பிழைப்பது அரிது. தயங்குபவர் அதற்கு முன்பே, பொருத்தம் உறுதி செய்யும் கட்டத்திலேயே, வாய்திறந்து சொல்லிவிட்டால் யாரும் கோபிக்கப் போவதில்லை. மனம் மாறாமலே காய்ச்சலோ விபத்தோ குறுக்கிடலாம் என்பதால்தான் மாற்றுக் கொடையாளரைத் தயாராக வைப்பதும், முன்கூட்டியே எடுத்து உறையவைப்பதும்.

1979இல் அமெரிக்காவில் லாரா கிரேவ்ஸ் என்ற பத்து வயதுச் சிறுமிக்கு, உறவல்லாத ஒருவரின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. ரத்தப் புற்றுநோய்க்கு அப்படிச் செய்தது அதுவே முதல் முறை. கொடுத்தவர் சிகிச்சை நடந்த மையத்தின் ஆய்வகப் பணியாளர். மஜ்ஜை ஒட்டியது, ஆனால் பின்னால் நோய் திரும்பி லாரா இறந்தாள். கொடையாளர் பதிவகம் அமைக்க விடாமல் முயன்றவர்களோடு அவளுடைய பெற்றோரும் நின்றார்கள். 1986இல் அந்த நாட்டின் தேசியக் கொடையாளர் பதிவகம் உருவானது. லாராவுக்கு அமைந்த பொருத்தம் தற்செயல். பதிவகம் வந்தது இனி அதை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காக.

நினைவு முகாமில் குச்சியைக் கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். வீட்டில் பேசிவிட்டீர்களா? ஊசியும் மயக்கமும் தெரிந்துதான் வந்தீர்களா? உங்கள் எண் மாறினால் உங்களைக் கண்டுபிடிக்கக்கூடிய வேறு இருவரின் எண் என்ன? "யோசித்துவிட்டு வருகிறேன்" என்பவரை வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும், இறந்த குழந்தையின் பெற்றோர் அருகில் நின்றுகொண்டிருந்தாலும்.