மொட்டைத் தலையில் பொடுகு

முடியே இல்லாத தலையில் பொடுகு வந்த ஒரே மனிதர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். திருச்செந்தூரில் மொட்டை போட்டு வந்த தலை இப்போது தோலுரிகிறது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனால் தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறதாம். பக்கத்து சீட்டுக்காரர் அக்கறையாகப் பொடுகு ஷாம்பு ஒன்றைச் சிபாரிசு செய்திருக்கிறார். அதை எங்கே தேய்ப்பது என்று இவர் கேட்டிருக்கிறார்.

வேண்டுதல் அத்தையுடையது, தலை இவருடையது. சின்னவள் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் மொட்டை என்று முருகனிடம் பேசி முடித்தபோது இவரை யாரும் கேட்கவில்லை. பரீட்சை எழுதியவள் தலையைத் தொட்டால் வீடு இரண்டாகும் என்பது முருகனுக்கே தெரியும். போதாததற்கு, கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள். இவருக்குச் சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

சின்னவள் தனக்கென்று ஒரு பை கொண்டு வந்தாள். சன்ஸ்கிரீன், லிப் பாம், சீரம், ஹேர் மாஸ்க், கற்றாழை ஜெல், அப்புறம் சாட்டின் தலையணை உறை ஒன்று. கடல் பார்க்கப் போகிறவளுக்குத் தலையணை உறை எதற்கு என்று கேட்டேன். பருத்தி உறையில் படுத்தால் முடி உரசி உடையுமாம். அத்தை கொண்டு வந்தது ஒரே ஒரு பாட்டில். பழைய இருமல் மருந்து பாட்டிலில் செக்குத் தேங்காய் எண்ணெய். மூடிக்கு மேல் பாலித்தீன் கவர், அதற்கு மேல் ரப்பர் பேண்ட், அதற்கு மேல் இன்னொரு கவர். அப்படியும் கசிந்து என் பட்டுப்புடவை மடிப்பில் இறங்கியது தனிக் கதை, அதை இன்னொரு நாள் அழுகிறேன்.

விடிவதற்கு முன்னால் கடலில் முழுக வேண்டும் என்று அத்தை எல்லோரையும் எழுப்பிவிட்டார். சின்னவளோ எல்லோரையும் வரிசையாகக் கட்டிலில் உட்காரவைத்து சன்ஸ்கிரீன் டியூபைத் திறந்தாள். எஸ்பிஎஃப் 50. பூசி இருபது நிமிஷம் கழித்துத்தான் வெளியே போக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், முகத்துக்கு மட்டுமே இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். அவள் சொன்ன கணக்கில் அந்த 50 கிராம் டியூப் அத்தையின் முன்னங்கையோடு தீர்ந்துவிடும்.

"சூரியனே இன்னும் வரலயே ஏட்டி, யாருக்குப் பயந்து பூசுத?" என்றார் அத்தை. நியாயமான கேள்வி. ஆனாலும் பூசிக்கொண்டார். பேத்தி கையால் எதைப் பூசினாலும் பூசிக்கொள்வார். அது வெள்ளை படியும் ரகம். நெற்றி, கன்னம், கழுத்து என்று வெள்ளையாக வந்தவரைப் பார்த்து, எதிரே வந்த ஒரு அம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். திருநீறு என்று நினைத்திருப்பார்.

மொட்டை முடிந்து, தலை நிறையச் சந்தனம் அப்பி, இவர் நேராகக் கடலுக்குள் இறங்கினார். இரண்டு இடத்தில் கத்தி லேசாகக் கீறியிருந்தது போல. உப்புத் தண்ணீர் பட்டதும் "முருகா!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த கூட்டமே "அரோகரா" என்று திருப்பிச் சொன்னது. இவரும் வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினார்.

கடலில் குளித்த கையோடு நாழிக்கிணறு. அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், ஓரடிச் சதுரக் கிணற்றில் உப்பில்லாத தண்ணீர். முருகன் தன் படைகளின் தாகத்துக்கு வேலால் உண்டாக்கியது என்பார்கள். கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு காயக் காய முடி வறண்டுபோகும் என்று சின்னவள் ரயில் ஏறியதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். "அதைத்தான் இங்க காலங்காலமா பண்ணுதாங்க" என்று அத்தை அவளை முன்னால் தள்ளிவிட்டார்.

அதோடு ஊருக்குக் கிளம்பியிருந்தால் பிரச்சினையே இல்லை. மணப்பாடு பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இவர்தான். மணல்மேட்டின் மேல் நிற்கிற திருச்சிலுவைக் கோயில், கீழே கடல், உச்சிவெயில். கடலில் முழுகிய பிறகு மறுபடி அப்பிவிட்ட சந்தனம் அதற்குள் காய்ந்து பொருபொருவென்று உதிர ஆரம்பித்திருந்தது. "துண்டைத் தலையில போடுல" என்றார் அத்தை. "அப்பா, தொப்பி போடுங்க, இல்லன்னா தலைக்கும் சன்ஸ்கிரீன் போடுங்க" என்றாள் சின்னவள். ஆச்சியும் பேத்தியும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் சொன்னது அன்றைக்குத்தான். இரண்டு பேர் சொன்னதையும் இவர் கேட்கவில்லை. காற்று ஜிலுஜிலுவென்று படுகிறதாம், சுகமாக இருக்கிறதாம். பிறந்த குழந்தையாக இருந்தபோது எடுத்த மொட்டைக்கு அப்புறம் வெயிலையே பார்க்காத தோல் அது. கடல் காற்றில் சூடு தெரியாது, வெயில் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சாயங்காலம் பார்த்தால் சந்தனம் ஒட்டியிருந்த இடமெல்லாம் பழைய நிறம், மற்ற இடமெல்லாம் செக்கச்செவேல்.

லாட்ஜில் தண்ணீர் என்று ஒன்று வந்தது. வாயில் வைத்தால் கடல் எவ்வளவோ மேல். சோப்பு நுரைக்கவில்லை, உடம்பில் வெள்ளையாகத் திரிந்து ஒட்டியது. சின்னவள் தலையில் ஷாம்பு போட்டுவிட்டு அலச முடியாமல் கத்தினாள். பிறகு கீழே போன் போட்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று கேட்டாள். கொண்டு வந்த பையன் அறைக்குள் எட்டிப் பார்த்து, "எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டான். குடிக்கத்தான் என்று நான் சொல்வதற்குள், ஈரத் தலையோடு அவளே வந்து கேனை பாத்ரூமுக்குள் உருட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பொறுப்பல்ல. காசு கொடுத்தது மட்டும் நான்.

இத்தனை செய்தும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறும்போது அவள் முடி சிக்கோ சிக்கு. சீரம் ஒரு முறை, ஹேர் மாஸ்க் ஒரு முறை, சீப்பு ஒரு பல் இழந்தது. எண்ணெய் வாடையே ஆகாது என்று எட்டாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள் கடைசியில், "ஆச்சி, அந்தப் பாட்டில் எங்க?" என்றாள்.

ஏசி பெட்டிக் குளிரில் எண்ணெய் கட்டியாக உறைந்து கிடந்தது. அத்தை அதை இடுப்பில் செருகிக்கொண்டு, மேலே சேலைத் தலைப்பைப் போர்த்தி உட்கார்ந்தார். இளகுகிற வரைக்கும் சின்னவள் போனில் படித்துக் காட்டினாள்: தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கிப் புரதம் போகாமல் காக்கிறது, சூரியகாந்தி எண்ணெய்க்கு அது முடியவில்லை, 2003-இல் மும்பையில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆராய்ந்தவர்கள் ஒரு எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் என்பது வேறு விஷயம். "இதுக்கு 2003 வரைக்கும் ஆச்சா?" என்றார் அத்தை.

மேல் பெர்த்தில் இவருக்குத் தலையை எந்தப் பக்கம் வைத்தாலும் எரிந்தது. சின்னவள் ஏறிப்போய்க் கற்றாழை ஜெல்லைப் பூசிவிட்டு, தன் சாட்டின் உறையை அவர் தலையணைக்கு மாட்டிவிட்டு இறங்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. வந்து ஆச்சி காலடியில் உட்கார்ந்தாள். அத்தை சீப்பைத் தொடவே இல்லை. நுனியிலிருந்து விரலாலேயே ஒவ்வொரு சிக்காக எடுத்தார். மதுரை தாண்டியும் எடுத்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும், "நீ எதுக்கு அங்க உக்காந்து கொட்டாவி விடுத? வா இங்க" என்று என்னைக் கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே? என் கொண்டையை அவிழ்த்ததும் மடியில் மணல் கொட்டியது. மிச்ச எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டே, "கல்யாணத்தப்போ எம்புட்டு முடி உனக்கு, இடுப்புக்குக் கீழ தொங்குச்சு. எங்க வீட்டுத் தண்ணிதான் உனக்கு ஒத்துக்கல" என்று வருத்தப்பட்டார்.

கல்யாணத்தில் தொங்கியதில் முக்கால்வாசி சவுரி. இத்தனை வருஷம் கழித்து, அதுவும் தலை அவர் கையில் இருக்கும்போது, அதை எதற்குச் சொல்ல வேண்டும்? "ஆமா அத்தை" என்றேன்.