புங்கமரம் தளிர் விட்டது கிராஃப்ல விழுந்துருச்சு

மரத்தை ஒரே இடத்துலருந்து போட்டோ எடுத்து, அதுல பச்சை எவ்வளவுன்னு கணக்குப் போட்டு கோடா வரையிறேன். ஒருவழியா புங்கமரத்தோட அந்தப் பச்சை கிராஃப் உருப்படியா வந்துருச்சுங்க. மாசியில இலை கொட்டுனது ஒரு பள்ளம், பங்குனியில தளிர் விட்டது ஒரு ஏத்தம், ரெண்டும் தனித்தனியா தெரியுது, பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு. ஒத்தக்கடைல நம்ம மொட்டை மாடில நின்னு வடக்க பாத்து எடுக்குற போட்டோதான், முன்னாடி புங்கை, அதுக்குப் பக்கத்துல சரக்கொன்றை, பின்னாடி யானைமலை.

இதுல உயிரை வாங்குனது ஒயிட் பேலன்ஸ், அதாவது போட்டோ நிறத்தை போன் சரிபண்ற அமைப்பு. ஆட்டோல விட்டா ப்ரேம்ல பச்சை கூடக் கூட போன் அதை சமன் பண்றேன்னு மெஜந்தா பக்கம் இழுத்துருது, அதாவது நாம எதை அளக்க வந்தமோ அதையே அழிச்சுருது. ஓப்பன் கேமரா ஆப்ல கேமரா2 ஏ.பி.ஐ.ங்கிற செட்டிங்கை (கேமராவை நாமளே கட்டுப்படுத்த விடுறது) ஆன் பண்ணி, ஒயிட் பேலன்ஸை மேனுவல்ல 5500 கெல்வின்ல, அதாவது பகல் வெளிச்ச அளவுல பூட்டிட்டேன், அதுக்கப்புறம் தொடவே இல்ல. எக்ஸ்போஷர் (படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுறதுங்கிறது) ஆட்டோல இருந்தாலும் சமாளிக்கலாம், ஏன்னா பச்சையை மூணு கலரோட கூட்டுத்தொகையால வகுக்குறப்ப வெளிச்சம் பெரும்பாலும் அடிபட்டுப் போயிரும். இலை மேல மட்டும் வெளிறிப் போகாம பாத்துக்கணும்.

பூட்டியாச்சு, ஆனா பூட்டு நிக்குதான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் யானைமலை. படத்தை அளக்குற இமேஜ் ஜே மென்பொருள்ல மரத்துக்கு ஒரு கட்டம் போடுற மாதிரி பாறைக்கும் ஒரு கட்டம் போடுறேன். சாம்பல் நிறத்துக்கு அந்தப் பச்சை விகிதம் 0.33 பக்கத்துலயே நிக்கணும். பாறையும் சேந்து ஏறுனா அது மரம் இல்ல, கேமரா. ஆனா மூட்டமான நாள்ல தூரத்துப் பாறை நீலம் பூசிக்கிது, அதனால மாடிச் சுவர்ல பூசாத சிமெண்ட் பக்கத்தையும் ப்ரேமுக்குள்ள கொண்டு வந்துட்டேன். இப்ப ரெண்டு சாட்சி.

இன்னொண்ணு சொல்லணும், நம்ம மாதிரி வெப்பமண்டல ஊருங்களுக்கு உள்ள விஷயம். ஏப்ரல் நடுவுல மதுரைக்கு நேர் உச்சியில சூரியன் வரும், ஜூன்ல மத்தியானம் வடக்க சாஞ்சு நிக்கும், மார்கழியில நல்லா தெக்க போயிரும். வடக்க பாத்து எடுத்தா மார்கழியில மரத்து மூஞ்சில வெயில், ஆனில முதுகுல வெயில். அதான் மத்தியானத்துல ஒண்ணுக்கு நாலா எடுத்து வச்சுக்கிறேன். செடி, மரத்தோட பருவ மாற்றத்தைக் கேமரால கவனிக்கிற வெளிநாட்டு பினோகேம்காரங்க மூணு நாள் படங்களைச் சேத்து அதுல 90-வது பெர்சன்டைலை, அதாவது நூத்துல தொண்ணூறு அளவு கீழ இருக்குற அளவை எடுக்குறாங்க, அதே வழிதான் நமக்கும்.

போனை ஒரே இடத்துல மாட்ட கைப்பிடிச் சுவர்ல எல் ஆங்கிள் அடிச்சிருக்கேன். ட்ரைபாட் ஸ்க்ரூ யூ.என்.சி.ங்கிற அமெரிக்க வகை மரை, கடைல கேட்டா முழிப்பாங்க. பி.எஸ்.டபிள்யூ.ங்கிற பழைய பிரிட்டிஷ் வகை மரைல கால் இஞ்ச் போல்ட் கேளுங்க, ரெண்டுலயும் இஞ்சுக்கு 20 மரைதான், கோணம் மட்டும் 60, 55ன்னு வித்தியாசம், இந்த வேலைக்குத் தாராளமா ஏறுது. பட்டறை அண்ணன் "தம்பி, ரெண்டு நூல் போல்ட்னு சொல்லு"ன்னாரு, அதுக்கப்புறம் எந்த ஹார்டுவேர் கடைலயும் தகராறு இல்ல.

கிராஃபை மட்டும் நம்பிறாதீங்க. கொன்றை பூத்தா மஞ்சள்ல பச்சையும் சேந்திருக்கிறதால கோடு ஜம்முனு ஏறும், இலை விட்ட மாதிரியே இருக்கும். புங்கையோட இளந்தளிர் செம்பழுப்பா வர்றதால ஆரம்பத்துல பச்சைக் கோடு அசையாது, சிவப்பு விகிதத்தையும் போட்டாத்தான் அந்த முதல் வாரம் பிடிபடும். அதனால, பொதுமக்களே மரங்களோட பருவத்தைப் பதிவு பண்ற சீசன்வாட்ச் திட்டத்தோட முறைல வாரத்துக்கு ஒருக்க கீழ போய் நின்னு தளிர், முத்துன இலை, மொட்டு, பூ, காய், பழம்னு ஒவ்வொண்ணுக்கும் இல்ல, கொஞ்சம், நிறையன்னு எழுதிருவேன். மூணுல ஒரு பங்குக்கு மேல போனா நிறைய. சுலபமா தெரியும், ஆனா கண்ணு பாத்த இந்த நோட்டு இல்லாம அந்தக் கோட்டுக்கு அர்த்தமே கிடையாது.

கொன்றை கட்டத்தை இன்னும் பிரிச்சு முடிக்கல. அதுக்குள்ள மனசு இலுப்பைக்குப் போயிருச்சு. ராத்திரி பூத்து விடியக்காலைல உதிர்றதுக்கு மத்தியானப் போட்டோ ஆகாது. பி.வி.சி. பைப்பை வளையமா வளைச்சு கொசுவலை கட்டி மரத்தடியில வச்சு, காலைல விழுந்த பூவை எடை போடலாம்னு திட்டம். அழகர்கோயில் பக்கம், மேலூர் பக்கம் யாரு தோட்டத்துலயாச்சும் பெரிய இலுப்பை நின்னா சொல்லுங்க, தை பிறக்கறதுக்குள்ள வலையைக் கட்டணும்.