பதிவேட்டுல ஏறுன 31 புத்தகம்

நவம்பர் 14 அன்னிக்கு எங்க ஸ்கூல்ல நடந்தத எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போயிட்டே இருந்துச்சு, இன்னிக்கு மழை லீவு, உக்காந்துட்டேன்.

மன்னார்குடி பக்கத்துல ஒரு ஒன்றிய தொடக்கப்பள்ளி. மொத்தமே 31 பிள்ளைங்க, அஞ்சு வகுப்பு, ஹெச்எம் சாரும் நானும் ரெண்டே பேரு. இதுக்கு முன்னாடி நான் இருந்த ஸ்கூல்ல புத்தகம் நிறையவே இருந்துச்சு ஆனா எல்லாம் பீரோவுக்குள்ள, ஒன்னு கொறஞ்சா யாரு பதில் சொல்றதுன்னு பயம், அந்த பயம் எனக்கும் புரியுது, ஆனா மூணு வருஷத்துல ஒரு பிள்ளை அந்த கதவ தொட்டு நான் பாக்கல. அதனால இங்க வந்ததும் சார்கிட்ட கேட்டது ஒன்னுதான், "சார், கிழிஞ்சா நான் ஒட்டிக்கறேன், எல்லாத்தையும் கயித்துல தொங்க விட்டுடலாமா?" அவரே கடைக்கு போயி நைலான் கயிறு வாங்கிட்டு வந்துட்டாரு.

அரசுப் பள்ளிகளுக்கு வாசிப்பு இயக்கம்னு ஒரு திட்டத்துல குடுத்தாங்களே, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா சின்னச் சின்ன புத்தகம், அதுதான் முதல்ல தொங்குச்சு, கூடவே ஊஞ்சல்ங்கற சிறுவர் இதழும். அந்த பேரு வச்சவங்கள கும்பிடணும்ங்க. முதல் நிலை, ரெண்டாம் நிலைன்னு வச்சிருந்தா கடைசில நிக்கிற பிள்ளைக்கு அது ஒரு ரேங்க் ஆயிருக்கும். இப்ப பாருங்க, நாலாவது படிக்கிற பையன் ஒருத்தன் ஓடி வந்து "டீச்சர் நான் நட முடிச்சிட்டேன், ஓடுக்கு போறேன்"ங்கறான்.

படிக்க ஆரம்பிச்சா எழுதவும் கை வரும்ல. ஒரு ஏ4 பேப்பர எட்டா மடிச்சு நடுவுல மட்டும் ஒரு வெட்டு வெட்டி திருப்பி மடிச்சா எட்டு பக்க புத்தகம் வந்துடும், பின்னு வேணாம் பசை வேணாம். ஆளுக்கு ஒன்னு குடுத்தேன். என்ன எழுதணும்னு சொல்லல. முடிச்சு வந்ததும் நூலக பதிவேட்ட எடுத்து, அரசு புத்தகத்துக்கு கீழேயே வரிசை எண் போட்டு, தலைப்பு, ஆசிரியர்ங்கற கட்டத்துல பிள்ளை பேரு, எல்லாம் எழுதுனேன். அந்த கட்டத்துல அவங்க பேர பாத்தப்ப ஒன்னாவது பிள்ளைங்க முகம் போன போக்க நான் எப்படி எழுதறதுன்னே தெரியல.

ஒரு விஷயத்துல நான் பிடிவாதமா இருந்தேன், செவப்பு பேனா வேணாம். நோட்டுல திருத்துவேன், புத்தகத்துல கை வைக்க மாட்டேன். மறுநாளே ஒரு பாப்பா வந்து "டீச்சர், நான் மறம்னு எழுதிட்டேனாம், மரம் தானாம், அஞ்சாவது அண்ணன் சொல்லுச்சு, ரப்பர் குடுங்க"ன்னு நிக்குது. நான் திருத்துனா அது மார்க்கு. படிக்கிறவன் சொன்னா அந்த பிள்ளையே ஓடி வந்து திருத்துது.

அந்த வாரம் ஒரு நாள் எஸ்.ஆர். ரங்கநாதன் பத்தி சொன்னேன். சீர்காழில பொறந்து நூலகத்துக்காகவே வாழ்ந்தவரு, 1931ல இதோ நம்ம மன்னார்குடி பக்கத்து மேலவாசல்ல இருந்து மாட்டு வண்டில புத்தகம் ஏத்தி ஊர் ஊரா அனுப்புனாங்க, அத தொடங்கி வச்சது அவருதான்னு. பிள்ளைங்களுக்கு ரங்கநாதனவிட மாட்டு மேலதான் அக்கறை. ஒரு பொண்ணு அந்த மாடே சொல்ற மாதிரி எழுதிட்டா: நெல்லு மூட்டைய விட இது கனம் கம்மி, ஆனா ஊருக்கு ஊரு நிறுத்துறாங்க, நிறுத்துற எடத்துல எல்லாம் வைக்கோல் போடுறாங்க, அதனால எனக்கு புத்தகம் பிடிக்கும். 31லயும் எனக்கு ரொம்ப பிடிச்சது அதுதான்.

இன்னொரு பிள்ளை யார்கிட்டயும் பேச மாட்டா. அவ புத்தகத்துல ஒரு எழுத்து கூட இல்ல, எட்டு பக்கமும் ஒரு கொக்கு, வயலு, தண்ணி. அத எடுத்த ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு கதை சொல்றான், அவ பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கா. ஒருத்தன்கிட்ட மட்டும் "இல்ல, அது பறக்கல, எறங்குது"ன்னு சொன்னா. வகுப்புல அவ குரல நான் கேட்டது அன்னிக்குதான்.

14ஆம் தேதி காலையிலிருந்து மழை, வயல் வேலை இல்லாததால நெனச்சதுக்கு மேலயே அம்மாங்க அப்பாயிங்கன்னு ஹால் நெறைய வந்துட்டாங்க. மேடை கிடையாது, மைக் கிடையாது, அவங்கவங்க பிள்ளை புத்தகத்த கயித்துல தேடி எடுத்து பிள்ளைய படிக்க சொல்லி கேக்கணும், அவ்ளோதான் விழா.

மூணாவது படிக்கிற ஒரு தம்பி கஜா புயல எழுதியிருந்தான், 2018 நவம்பர் 15 ராத்திரி, விடிஞ்சா 16, அவன் கைக்குழந்தையா இருந்தப்ப. எல்லாம் அப்பாயி சொல்லி கேட்டது. தலைப்பு "எங்க வீட்டு 14 தென்னை". அப்பாயிக்கு படிக்க தெரியாது, தரையில உக்காந்து அவன் படிக்க படிக்க கேட்டாங்க. ராத்திரி பூரா மரம் முறியற சத்தம், விடிஞ்சு பாத்தா கொல்லையே வெளிச்சமா இருந்துச்சுன்னு எழுதியிருந்தான். அந்த வரில அவங்க முந்தானைய எடுத்து கண்ண தொடச்சிக்கிட்டாங்க. அப்புறம் அவன் கைய பிடிச்சு, "பதினாலு இல்லடா சாமி, பதினாறு. கெணத்தோரம் ரெண்டு நின்னுச்சுல்ல, அத விட்டுட்ட"ன்னாங்க.

அவன் அங்கேயே பென்சில் வாங்கி அட்டையில அடிச்சு 16ன்னு மாத்துனான். என்கிட்ட வந்து "டீச்சர், பதிவேட்டுலயும் மாத்தணும்ல?"ன்னான். பதிவேட்டுல அடிச்சு எழுதுனா பக்கத்துல சுருக்கொப்பம் போடணும். பேனாவ அவன்கிட்டயே குடுத்தேன்.